ஆமாம், மலிவு வண்டிதான்

சனிக்கிழமை டெட்ராய்ட் பக்கம் வுட்வர்ட் அவென்யூவில், ஆகஸ்ட்தோறும் நடக்கும் பழைய கார் அணிவகுப்பில், என் பழைய அமெரிக்க காரை நிறுத்தியிருந்தேன். அங்கே நடந்ததை அன்றே இங்கே புலம்பித் தீர்த்துவிட்டேன். ஆனால் வண்டியைப் பார்த்துவிட்டு ஒரு பெரிய மனிதர் கேட்டது காதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. "எங்க அத்தை காய்கறி வாங்கப் போன வண்டி இது. இதுக்கு எதுக்கு இவ்வளவு பாலிஷ்?"

ஐயா, என் பிளைமவுத் டஸ்டர் மலிவு வண்டிதான். மலிவாக விற்கவென்றே செய்தார்கள். வேலியன்ட் என்ற குடும்ப வண்டியின் முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, முன்கண்ணாடிக்குப் பின்னால் மட்டும் புது உடம்பு கட்டி, 1970 மாடலாக இறக்கினார்கள். அதில் 340 கன அங்குல வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின் போட்ட டஸ்டர் 275 குதிரைத்திறன். அந்தக் காலத்தில் விலை 2,600 டாலருக்கும் கீழே. சம்பளக்காரப் பையனும் தவணையில் வாங்கலாம். மசில் கார் என்பதே அதுதானே? சின்ன உடம்பு, பெரிய எஞ்சின், எட்டுகிற விலை. அதே பிளைமவுத்தின் 1971 ஹெமி குடா, கூரை மடங்கும் கன்வர்ட்டிபிள் ஒன்று, 2014இல் 35 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. போகட்டும், அழகான வண்டி. அதை மழையில் எடுத்துக்கொண்டு பால் வாங்கப் போவார்களா?

"உன்னுடையது 340 கூட இல்லையே" என்பீர்கள். இல்லைதான், அதைவிடச் சின்ன 318. தொழிற்சாலை பொறித்த வண்டி எண்ணில் ஐந்தாவது எழுத்து 'எச்' என்றால் 340, 'ஜி' என்றால் 318. என்னுடையது 'ஜி'. மறைக்கவில்லை. 'ஜி' வண்டியில் 340 ஸ்டிக்கர் ஒட்டியவர்களும் அன்றைக்கு அங்கே நின்றார்கள். அவர்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

முதலீடா? தங்கம் வாங்குங்கள்.

துரு? அது நியாயமான கேள்வி. மிச்சிகன் குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு டிக்கித் தரையைத் தின்றுவிட்டிருந்தது. நானே வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்தேன். இரண்டு குளிர்காலம் போனது, முதுகும் போனது.

அப்பா மதுரையிலிருந்து வந்திருந்தபோது என் புது வண்டியின் பானெட்டைத் திறந்து, உள்ளே பிளாஸ்டிக் மூடியைப் பார்த்துவிட்டுச் சாத்திவிட்டார். டஸ்டரைத் திறந்ததும்தான் முகம் மலர்ந்தது. "இதுல கை போகுதுடா!" இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் நீட்டினேன், வேண்டாம் என்றார். அட்டைத் துண்டு ஒன்றைக் கிழித்து வைத்தே, ஸ்பார்க் வரவைக்கும் பாயின்ட்டின் கேப்பைச் சரிசெய்தார். ஸ்டார்ட் செய்ததும் ஐடிலிங்கை அவர் கேட்டுக்கொண்டு நின்ற நிற்பு இருக்கிறதே! அப்பா கடைசியாகக் கைவைத்த எஞ்சின் அது. அதைத்தான் அத்தை வண்டி என்கிறார்கள்.

சரி, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு முழுதாகச் சொல்லவில்லை. அவர் போகும்போது இன்னொன்றும் கேட்டார்: "உங்க ஆட்கள் டொயோட்டாதானே வாங்குவீங்க?" யார் ஐயா 'எங்க ஆட்கள்'? பத்தொன்பது வருஷமாக இதே ஊரில் உப்புத் துருவைச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன். அப்படிக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சிரித்துவைத்தேன். பாலிஷ் பேச்சைவிட அந்தச் சிரிப்புதான் எரிகிறது.

அடுத்த ஆகஸ்டிலும் அதே இடத்தில்தான் நிறுத்துவேன். பாலிஷ் இரண்டு கோட்.