விண்ணப்பப் படிவத்தில் மட்டும் வாழும் பெண்கள்

தமிழ்நாட்டில் ஆட்சி மாறிய கதையை யாரிடம் கேட்டாலும் ஒரே வரிசைதான் வரும்: ராஜாஜி, காமராஜர், அண்ணா, கலைஞர், எம்.ஜி.ஆர். அப்புறம் ஜெயலலிதா. அதுவரை அரசியலில் பெண்களே இல்லாதது போல.

1938இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய தமிழர் படையில் மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் நடந்தார். அப்போது அவருக்கு வயது 55. அதே ஆண்டு நவம்பரில் சென்னையில் கூடிய பெண்கள் மாநாடுதான் ஈ.வெ.ரா.வைப் 'பெரியார்' என்று அழைக்கத் தீர்மானம் போட்டது. மறுநாள் ராமாமிர்தம் அம்மையாரும் டாக்டர் தருமாம்பாளும் மறியல் செய்து கைதானார்கள். உடன் கைதான சீதம்மாள் கைக்குழந்தையோடு சிறைக்குப் போனார்.

எனக்கு ரொம்பவும் ஆதங்கம் சத்தியவாணி முத்து விஷயத்தில்தான். 1953இல், பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் குடும்பத் தொழில் என்று ராஜாஜி கொண்டுவந்த குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்துக் கைதானவர். திமுக முதன்முதலாகத் தேர்தலைச் சந்தித்த 1957லேயே பெரம்பூரில் ஜெயித்தவர். 1967இல் காங்கிரஸை வீழ்த்தி அண்ணா அமைத்த 9 பேர் அமைச்சரவையில் ஒரே பெண். அந்த ஆட்சியைப் பற்றிப் பேசினால் படி அரிசி நினைவுக்கு வருகிறது, மாநிலத்தின் பெயர் மாற்றம் நினைவுக்கு வருகிறது, இவர் வருவதில்லை. 1974இல், தாழ்த்தப்பட்ட மக்களுக்குக் கட்சியில் உரிய இடமில்லை என்று சொல்லி வெளியேறி, தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம் தொடங்கினார். ஆளுங்கட்சியில் அமைச்சராக இருந்தவர் அப்படி எழுந்து வருவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! பிறகு அதிமுகவுக்குப் போனார், 1979இல் சரண் சிங் அரசில் ஒன்றிய அமைச்சரானார். அவர் எழுப்பிய கேள்வியை இரண்டு கட்சி மேடைகளிலும் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

இன்று அரசு நலத்திட்டங்களின் பெயர்களில், சத்தியவாணி முத்து என்றால் இலவசத் தையல் இயந்திரம். தருமாம்பாள் என்றால் விதவை மறுமண உதவி. முத்துலட்சுமி ரெட்டி என்றால் மகப்பேறு உதவி. பெயர் வைத்தது நல்ல காரியம், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தேவதாசி முறையை ஒழிக்க முத்துலட்சுமி சட்டசபையில் குரல் கொடுத்தது 1920களின் கடைசியில். சட்டம் வந்தது 1947இல். நடுவில் நீதிக்கட்சி போனது, ராஜாஜி வந்து போனார், ஆளுநர் ஆட்சி நடந்தது, பிரகாசம் வந்தார், ஓமந்தூரார் வந்த பிறகுதான் நிறைவேறியது. இதெல்லாம் அந்த உதவித்தொகைக்கு எழுதிப்போடும் கர்ப்பிணிக்கு யார் சொல்வது?

விண்ணப்பப் படிவத்திலேயே இவர்களைப் பற்றி நாலு வரி அச்சடிக்கலாம், பெரிய செலவில்லை. எந்தக் கட்சி கோட்டைக்கு வந்தாலும் அந்த நாலு வரியில் கை வைக்கக் கூடாது. அடுத்த முறை 1967 பற்றி மேடையில் பேசுகிறவர்கள் சத்தியவாணி முத்துவின் பெயரையும் சொல்லுங்கள், 1974இல் அவர் ஏன் வெளியேறினார் என்பதையும் சேர்த்து.