யூடியூப் பார்த்து ஈட்டி எறிந்தவரின் மீதிக் கதை

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த வாட்ஸ்அப் ஃபார்வர்டு வந்துவிடும். கென்யாவில் ஒரு ஏழைப் பையன், கோச் கிடையாது, யூடியூப் வீடியோ பார்த்தே ஈட்டி எறியக் கற்று உலக சாம்பியன் ஆனான், மனம் இருந்தால் வசதியே தேவையில்லை என்று முடியும். ஜூலியஸ் யெகோவைப் பற்றியது. நேற்று எங்கள் குடும்பக் குழுவிலும் வந்தது. பத்து வருடமாக அவருடைய போட்டிகளைப் பார்த்துவருகிறேன். அதனால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

யெகோ 1989இல் கென்யாவின் நந்தி பகுதியில் பிறந்தவர். உலகத்துக்கே ஓட்டக்காரர்களைக் கொடுத்த மண் அது. அங்கே இவர் மரக்கிளையை வெட்டி ஈட்டியாக்கி எறிந்துகொண்டிருந்தார். பிறகு இன்டர்நெட் சென்டரில் உட்கார்ந்து, செக் நாட்டு யான் ஷெலெஸ்னியும் நார்வேயின் ஆன்ட்ரியாஸ் தோர்கில்ட்சனும் எறியும் வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். இதுவரை ஃபார்வர்டு சொல்வது உண்மைதான்.

ஆனால் வீடியோவை நம்பி அவர் இருந்ததற்குக் காரணம், பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. அதைப் போய்ப் பெருமை என்று எப்படிச் சொல்வது?

நானும் பள்ளியில் மூங்கில் ஈட்டி எறிந்தவன். எங்கள் பி.டி. சார் அன்பான மனிதர், தனக்குத் தெரிந்ததைச் சொன்னார்: "வேகமா ஓடி வா, ஓங்கி எறி." பத்தாம் வகுப்பிலேயே தோள் வலி வந்து விட்டுவிட்டேன். முழங்கையைத் தாழ்த்தி எறிந்ததுதான் காரணம் என்று புரிய இருபது வருடம் ஆனது. வீடியோவில் அடுத்தவர் முழங்கை தெரியும், நம் முழங்கை தெரியாது. அதைப் பார்த்துச் சொல்லத்தான் ஒரு ஆள் வேண்டும். ஓடி வரும் வேகத்தை முன்காலை ஊன்றிச் சட்டென்று நிறுத்த வேண்டும். அந்த வேகம் இடுப்பு, தோள், முழங்கை என்று ஏறி, கையில் இருக்கும் 800 கிராம் ஈட்டிக்குப் போக வேண்டும். இதில் எங்கே பிசகினாலும் அடி உடம்புக்குத்தான்.

சரி, ஃபார்வர்டு விட்டுவிடும் பகுதிக்கு வருகிறேன். 2011இல் மபுட்டோவில் நடந்த ஆப்பிரிக்க விளையாட்டுப் போட்டியில் யெகோ 78.34 மீட்டர் எறிந்து தங்கம் வென்றார். அதன் பிறகு சர்வதேசத் தடகளச் சம்மேளனத்தின் உதவித்தொகை கிடைத்து, பின்லாந்தில் குவோர்தானே என்ற ஊரில் இருக்கும் பயிற்சி மையத்துக்குப் போனார். ஈட்டி எறிதலைத் தங்கள் சொந்த விளையாட்டாக நினைக்கும் நாடு அது. அங்கே அவருக்கு ஒரு கோச் கிடைத்தார். நல்ல ஈட்டிகளும் ஜிம்மும் கிடைத்தன. 2013 மாஸ்கோ உலகப் போட்டியில் 85.40 மீட்டர். வெண்கலம் 83 சென்டிமீட்டரில் போனது. அடுத்த வருடம் கிளாஸ்கோ காமன்வெல்த்தில் தங்கம்.

அப்புறம் 2015 ஆகஸ்ட் 26, பெய்ஜிங் உலகப் போட்டி. மூன்றாவது சுற்றில் ஓடி வந்து, எறிந்த வேகத்தில் தரையில் முன்பக்கமாக விழுந்தார். ஈட்டி போய்க் குத்திய தூரம் 92.72 மீட்டர். 14 வருடமாக உலகத்தில் யாரும் அவ்வளவு தூரம் எறிந்திருக்கவில்லை. கடைசியாக எறிந்திருந்தவர் யார் தெரியுமா? அதே ஷெலெஸ்னி. இதை எழுதும்போதுகூட எனக்குச் சிலிர்க்கிறது.

இந்த இடத்தில்தான் எல்லோரும் கதையை முடித்துவிடுகிறார்கள். எனக்கோ அதற்குப் பிறகு வந்த வருடங்கள்தான் பெரிதாகத் தெரிகின்றன. 2016 ரியோவில் முதல் வீச்சே 88.24. அதோடு கணுக்கால் போய்விட்டது, போட்டியை முடிக்க முடியவில்லை. ஐந்தாவது சுற்றில் ஜெர்மனியின் தாமஸ் ரோலர் 90.30 எறிந்து முந்தினார், யெகோவுக்கு வெள்ளி. பின்னர் காயங்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. டோக்கியோ ஒலிம்பிக்கில் தகுதிச் சுற்றோடு வெளியே வந்துவிட்டார். கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். அவர் விடவில்லை. 2024 பாரிஸ் இறுதிப் போட்டியில், 35 வயதில், 87.72 மீட்டர் எறிந்து ஐந்தாம் இடம் பிடித்தார். பதக்கம் இல்லை என்பதால் அதைப் பற்றி ஒரு ஃபார்வர்டும் வரவில்லை.

எனக்குக் கோபம் வருவது இதில்தான். "யூடியூப் போதும்" என்று சொல்லிவிட்டால், பள்ளிக்கு கிரவுண்டு எங்கே, ஈட்டி எங்கே, காயம்பட்ட பிள்ளைக்குப் பிசியோ எங்கே என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. யெகோவுக்கே அது போதவில்லை ஐயா! நந்தியில் அவரைப் போலக் கிளை வெட்டி எறிந்த மற்ற பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று அந்த ஃபார்வர்டு கேட்பதே இல்லை.

2025 ஜூலையில் பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் நீரஜ் சோப்ரா நடத்திய போட்டிக்கு யெகோ வந்திருந்தார். நீரஜ் 86.18 எறிந்து ஜெயித்தார். யெகோ 84.51, இரண்டாம் இடம். 17 சென்டிமீட்டர் பின்னால் மூன்றாவதாக இலங்கையின் இளைஞர் ருமேஷ் பதிரகே. நான் ஃபோனில் பார்த்துக்கொண்டிருந்தேன். 36 வயதில், அத்தனை காயங்களுக்குப் பிறகும், ஓட்டப்பாதையின் தொடக்கத்தில் ஈட்டியைத் தோளுக்கு மேல் தூக்கிப் பிடித்து நின்றார் யெகோ.