மாத்திரை மேல் மட்டும் பழி வேண்டாம்
ஏடிஹெச்டி (கவனக்குறைவு, அதீதத் துறுதுறுப்புக் கோளாறு) மாத்திரைதான் பிற்பாடு மனச்சிதைவில் (ஸ்கிசோஃப்ரினியா) கொண்டுபோய் விடுகிறது என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 2019இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், இந்த மருந்துகளைப் புதிதாகத் தொடங்கிய 13 முதல் 25 வயதினரில் சுமார் 660 பேரில் ஒருவருக்குத்தான் மனப்பிறழ்வு (இல்லாத குரல் கேட்பது, இல்லாததை நம்புவது போன்ற நிலை) வந்தது; அதிலும் இவற்றில் மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்தை எடுத்தவர்களைவிட ஆம்ஃபெட்டமின் என்ற மருந்தை எடுத்தவர்களிடம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. என் தம்பி ஒரு மாத்திரைகூடச் சாப்பிட்டதில்லை. சின்ன வயதிலிருந்தே ஓர் இடத்தில் உட்கார மாட்டான். 19 வயதில், ஃபேன் தன்னைத் திட்டுகிறது என்று சுவிட்சை அணைத்துவிட்டு, வேர்த்து விறுவிறுக்க ராத்திரி முழுக்கக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கு முன்பே குளிப்பதையும் நண்பர்களையும் விட்டிருந்தான். "அவனுக்கு எப்பவுமே கவனம் கிடையாதே" என்று எட்டு மாதம் சும்மா இருந்துவிட்டோம். பழைய ஏடிஹெச்டியே புதிய நோயை எங்கள் கண்ணிலிருந்து மறைத்தது. கட்டுரையில் விடுபட்டது அதுதான்.