சீனர் தடைச் சட்டம் பத்தாண்டில் முடிந்துவிடவில்லை

"அமெரிக்கா 1882இல் சீனர்களுக்குப் போட்ட தடை வெறும் பத்து வருடம்தான். 1892இல் அதுவே காலாவதியாகிவிட்டது" என்றொரு செய்தி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு.

1882 மே 6இல் அதிபர் செஸ்டர் ஆர்தர் கையெழுத்திட்ட சட்டம், சீனத் தொழிலாளர் நுழைவைப் பத்தாண்டுகளுக்கு நிறுத்தியது உண்மை. வணிகர், மாணவர், ஆசிரியருக்கு விலக்கு இருந்தது. அதே சட்டத்தின் 14ஆம் பிரிவு, சீனர்களுக்குக் குடியுரிமை வழங்கக் கூடாது என நீதிமன்றங்களைத் தடுத்தது. அந்தப் பிரிவுக்குக் காலக்கெடுவே கிடையாது.

1892இல் நடந்தது இதற்கு நேர்மாறு. கியரி சட்டம் தடையை மேலும் பத்தாண்டு நீட்டியது. ஏற்கெனவே அங்கு வாழ்ந்த சீனத் தொழிலாளர்களும் ஓராண்டுக்குள் வசிப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும். அது கையில் இல்லாமல் பிடிபட்டவர், தான் அங்கேதான் வசித்தவர் என்று நிரூபிக்க நம்பகமான வெள்ளையர் ஒருவராவது சாட்சி சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நாடு கடத்தல். எவ்வளவு கொடுமையான நிபந்தனை!

1898இல் ஹவாயை இணைத்துக்கொண்ட தீர்மானம், சீனர் குடியேற்றத் தடையை அந்தத் தீவுகளுக்கும் கொண்டுபோனது. 1904இல் தடை காலவரையின்றி நீண்டது. நீங்கியது 1943 டிசம்பரில்தான். அப்போதும் ஆண்டுக்குச் சுமார் 105 பேருக்கே இடம்.

1882 சட்டத்தின் முழு வாசகம் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு இந்த விவரத்தைச் சொல்லுங்கள்.