லாம்ப்டாவை மேய்க்க பிரவுசர் டேப் போதாது

சர்வரைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்றார்கள். சர்வரை நாம் பராமரிக்காமலே நம் கோடை ஃபங்ஷன் ஃபங்ஷனாக ஓட்டித்தரும் லாம்ப்டா சேவையை 2014 நவம்பரில் அமேசான் அறிவித்ததிலிருந்து அதே பாட்டுதான். பேட்ச் போடும் வேலை ஒழிந்தது, சந்தோஷம். கூடவே எஸ்எஸ்எச் வழியாகத் தூரத்திலிருந்தே சர்வருக்குள் போய் லாக் (புரோகிராம் எழுதிவைக்கும் பதிவு) ஓடுவதை நேரடியாகப் பார்க்கும் வசதியும் போய்விட்டது. அந்த இடத்தில் கிளவுட்வாட்ச் கன்சோலை (பிரவுசரில் லாக் பார்க்கும் அமேசான் பக்கம்) வைத்துக்கொண்டு பெரும்பாலான டீம்கள் இன்னும் டேப் மேல் டேப்பாகத் திறந்துகொண்டிருக்கின்றன. என் கட்சி இதுதான்: மாதச் சந்தா கட்டி ஒரு மானிட்டரிங் சர்வீஸ் வாங்குவதற்கு முன், டெவலப்பரின் லேப்டாப்பில் ஒரு நல்ல டெஸ்க்டாப் டூல் இருக்கட்டும்.

கன்சோலில் என்ன சிக்கல்? லாம்ப்டா எத்தனை என்விரான்மென்ட்டில் (ஃபங்ஷன் ஓடும் தனித்தனி இடம்) ஓடுகிறதோ, அத்தனை லாக் ஸ்ட்ரீம். ஒரே நேரத்தில் ஐம்பது ரிக்வெஸ்ட் வந்தால் கதை ஐம்பது துண்டாகச் சிதறிக் கிடக்கும். ஸ்ட்ரீம் பெயரில் உள்ள தேதியோ யுடிசி, நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். நம் ஊர் நேரப்படி விடியற்காலை 3 மணிக்கு வெடித்ததைத் தேடினால் அது முந்தைய நாள் தேதியில் உட்கார்ந்திருக்கும். ரீஜன் (ஃபங்ஷன் ஓடும் டேட்டா சென்டர் பகுதி) மும்பையா வர்ஜீனியாவா என்று பார்க்காமல் "லாக்கே வரலையே" என்று புலம்பாத ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை.

அசின்க் இன்வோகேஷனில், அதாவது பதிலுக்குக் காத்திராமல் ஃபங்ஷனை அழைக்கும்போது, இது இன்னும் மோசம். ஃபங்ஷன் தோற்றால் லாம்ப்டா தானாகவே இன்னும் இரண்டு முறை ஓட்டிப் பார்க்கும். மெயில் அனுப்பிவிட்டு அதற்கடுத்த வரியில் விழுந்த ஃபங்ஷன் என்றால், கஸ்டமருக்கு ஒரே மெயில் மூன்று முறை போகும். மூன்று ஓட்டத்துக்கும் ரிக்வெஸ்ட் ஐடி ஒன்றேதான். ஆனால் லாக் வேறு வேறு ஸ்ட்ரீமில் இருக்கலாம். ஐடியைக் கொடுத்தால் மூன்றையும் நேர வரிசையில் அடுக்கிக் காட்டும் டூல் இருந்தால் ஐந்து நிமிட வேலை. இல்லையென்றால் மத்தியானச் சாப்பாடு போச்சு.

லாக்குகளில் தேட கிளவுட்வாட்சிலேயே லாக்ஸ் இன்சைட்ஸ் இருக்கிறதே என்பீர்கள். 2018-இல் வந்தது, நல்ல சாமான்தான். ஆனால் ஸ்கேன் செய்யும் ஒவ்வொரு ஜிபிக்கும் காசு. லாக் குரூப்பை (ஸ்ட்ரீம்கள் சேரும் இடம்) செட்டிங் மாற்றாமல் அப்படியே விட்டால் லாக் காலாவதியே ஆகாது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: ஜூனியர் ஒருவர் "கடந்த ஒரு வருடம்" என்று தேர்ந்தெடுத்து ரன் அடித்தால் பில்லில் தெரியும்.

எனக்குப் பிடித்தது ரிப்போர்ட் வரி. ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் எவ்வளவு நேரம் ஓடியது, எவ்வளவு மெமரி கொடுத்தோம், அதிகபட்சம் எவ்வளவு தின்றது என்று லாம்ப்டாவே எழுதிவைக்கிறது. யாரும் படிப்பதில்லை. ஃபங்ஷன் டைம் அவுட் ஆனால் நேர வரம்பை 3 விநாடியிலிருந்து 30 ஆக்குவதுதான் முதல் வைத்தியம். 128 எம்பி கொடுத்து 120-க்கு மேல் தின்றிருக்கிறது என்பதைப் பார்த்தால் அல்லவா தெரியும்! லாம்ப்டாவில் சிபியு பங்கு மெமரியோடு சேர்ந்தே ஏறும், மெமரி குறைவென்றால் வேகமும் குறைவு. 1769 எம்பியில்தான் ஒரு முழு விசிபியு (விர்ச்சுவல் சிபியு) கிடைக்கும். டூல் இந்த வரிகளைப் பட்டியலாகக் காட்டி, மெமரி முட்டும் ஃபங்ஷனைச் சிவப்பாக்கினால் எனக்கு அது போதும். கலர் கலரான டாஷ்போர்டு மேனேஜருக்கு.

காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்றில்லை. விஎஸ் கோட் எடிட்டரில் அமேசானின் ஏடபிள்யூஎஸ் டூல்கிட் இலவசம். டெர்மினல் பிரியர்களுக்கு ஏடபிள்யூஎஸ் சிஎல்ஐ (கட்டளை டைப் செய்யும் டூல்) இரண்டாம் பதிப்பின் லாக்ஸ் டெயில் கட்டளை, லாக் ஓடுவதை நேரடியாகப் பார்த்த பழைய சுகத்தில் முக்கால்வாசியைத் திருப்பிக் கொடுக்கும்.

ஒரு இடத்தில் மட்டும் கறாராக இருங்கள். டெஸ்க்டாப் டூல் உங்கள் மெஷினில் உள்ள கிரெடென்ஷியலைத்தான் (ஏடபிள்யூஎஸ் கணக்கில் நுழையும் சாவி) எடுத்துக்கொள்ளும். அங்கே அட்மின் கீ கிடந்தால், லாக் பார்க்க வந்த டூலிடம் வீட்டுச் சாவிக்கொத்தையே கொடுத்த மாதிரி. எஸ்எஸ்ஓ (கம்பெனியின் பொது லாகின்) வழியாக, படிக்க மட்டும் அனுமதியுள்ள தனி புரொஃபைல் போதும்.

லேப்டாப்பை மூடினால் டூலும் தூங்கிவிடும், அது வாஸ்தவம். அதனால் ராத்திரி எழுப்புகிற வேலை கிளவுட்வாட்ச் அலாரத்துக்கே இருக்கட்டும். எரர் எண்ணிக்கைக்கு ஒன்று, டெட் லெட்டர் க்யூவில் (திரும்பத் திரும்பத் தோற்ற மெசேஜ்கள் சேரும் வரிசை) மெசேஜ் விழுந்தால் ஒன்று. சின்ன டீமுக்கு ஆரம்பத்தில் இவ்வளவே தாராளம். ஃபங்ஷன்கள் நூற்றுக்கணக்கில் பெருகி, நாலு டீம் ஒரே க்யூவைத் தொடும் நிலை வரும்போது சந்தா சர்வீஸ் விற்க வருகிறவரை உள்ளே விடுங்கள்.