கோப்பு அங்கேயேதான் இருக்கு, ‘மேன்’ மட்டும் இல்லைன்னு சாதிக்குது

லினக்ஸில் ஒரு கட்டளையின் கையேட்டுப் பக்கத்தைத் (மேன் பேஜ்) திறந்து காட்டும் கட்டளை ‘மேன்’. ‘வட்டி’ என்ற புரோகிராமின் பக்கத்தைச் சர்வரில் வைத்தாச்சு. எல்எஸ் (கோப்புப் பட்டியல்) போட்டால் கோப்பு தெரியுது. கேட் போட்டால் உள்ளே இருப்பதெல்லாம் திரையில் கொட்டுது. ‘மேன் வட்டி’ என்று கேட்டால் மட்டும் ‘நோ மேனுவல் என்ட்ரி ஃபார் வட்டி’. எங்கே தேடினாய், எதைப் பார்த்து ஒதுக்கினாய், ஏன் ஒதுக்கினாய்? மூச்! லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸை உருவாக்கிய தாம்சனும் ரிச்சியும் அதன் முதல் கையேட்டைப் போட்டது 1971 நவம்பரில். அரை நூற்றாண்டு தாண்டியும் இந்த ஊமைக்கு வாய் திறக்கவில்லை.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் காலேஜ் லேப்களில் ஓயாத கூத்து இது. பையன்கள் வட்டிக் கணக்குக்கு அருமையாக ஒரு புரோகிராம் எழுதிவிடுவார்கள் (இந்த ஊரில் வேறென்ன எழுதுவார்கள்?). மேன் பேஜைச் சர்வரில் ஏற்றும்போதுதான் முழி பிதுங்கும். உடனே ஒரு மேதாவி வந்து ‘மேன்டிபி ஓட்டுப்பா, சரியாயிடும்’ என்பார். ஆகாது சார்! மேன்டிபி கட்டுவது அட்டவணை. பக்கங்களின் விளக்கத்தில் சொல் தேடும் அப்ரோபோஸுக்கும், ஒருவரி விளக்கம் காட்டும் வாட்இஸுக்கும் அது வேண்டும். மேன் அந்த அட்டவணை இல்லாவிட்டாலும் அடைவுக்குள் (டைரக்டரி) நேராகப் போய்த் தேடிக்கொள்ளும். பெயரே தப்பென்றால் மேன்டிபியை விடிய விடிய ஓட்டினாலும் ஒன்றும் நடக்காது. இதில் கொடுமை என்னவென்றால், ‘இக்னோரிங் போகஸ் ஃபைல்நேம்’ (போலிப் பெயர், ஒதுக்குகிறேன்) என்று கோப்பின் பெயரைச் சொல்லி எச்சரிப்பதே அந்த மேன்டிபிதான். நம் ஆட்கள் இன்ஸ்டால் ஸ்கிரிப்ட்டில் அதன் வெளியீட்டை அப்படியே டெவ்-நல் என்ற குப்பைக்குழிக்குள் தள்ளிவிடுகிறார்கள். நோயைச் சொன்ன ஒரே வாயையும் பொத்தியாச்சு.

விதி ரொம்பச் சின்னது. கோப்புப் பெயரில் புள்ளிக்குப் பின்னால் வரும் பிரிவு எண்ணும் அடைவின் எண்ணும் ஒன்றாக இருக்கணும். பயனர் கட்டளை என்றால் 1, புரோகிராம் நூலகச் சார்பு (ஃபங்ஷன்) என்றால் 3, கோப்பு வடிவம் 5, நிர்வாகக் கட்டளை 8. மேன்1 அடைவுக்குள் வட்டி.1 இருக்கலாம், சுருக்கிய வட்டி.1.ஜிஇசட் இருக்கலாம். வட்டி.8 இருக்கக்கூடாது. ரெண்டாங்கட்டில் கிடக்கவேண்டிய அண்டாவை முகப்பில் வைத்துவிட்டு, ஆச்சிக்கு ஏன் அகப்படவில்லை என்று கேட்டால் எப்படி? பிரவுசரில் இறக்கும்போது வால் ஒட்டிக்கொண்டு வரும் வட்டி.1.டெக்ஸ்ட்டும் போகஸ்தான்.

இதைவிடப் பெரிய குழி, பெயரிலேயே பதிப்பு எண் இருக்கும் புரோகிராம். கட்டளையின் பெயர் வட்டி2.3. அதே பெயரில் கோப்பை மேன்1-இல் போட்டால், ‘வட்டி2’ என்பதன் 3-ஆம் பிரிவுப் பக்கம் என்றுதான் மேன் படிக்கும், அடைவோ 1, ஆகவே குப்பைத்தொட்டி. வட்டி2.3.1 என்று வைக்கணும். பைத்தான்3.11.1 என்ற கோப்பைப் பார்த்துவிட்டு ‘3.11.1-ஆவது பதிப்பா?’ என்று கேட்கிறார்களே, கடைசி 1 பதிப்பு இல்லை ஐயா, பிரிவு!

அடுத்த புண்ணியவான் ‘மேன்பாத் மாறியை எக்ஸ்போர்ட் பண்ணு’ என்பார் (மேன் தேடும் அடைவுகளின் பட்டியல் அது). பண்ணியதும் வட்டி வரும், எல்எஸ் பக்கம், கிரெப் பக்கம் எல்லாம் காணாமல் போகும். ஏனென்றால் அந்த மாறியை வைத்த நொடியே கணினி தானாகப் போட்டிருந்த பட்டியல் முழுக்க ரத்து. அதுவும் வேண்டுமென்றால் மதிப்பின் முன்னாலோ பின்னாலோ ஒரு முக்காற்புள்ளி (:) வைக்கணும். ஒத்தைக் குறி விஷயம், எந்த மேதாவியும் சொல்வதில்லை. உண்மையில் அந்த மாறியே தேவையில்லை. லினக்ஸில் /யூஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர்/மேன்/மேன்1-க்குள் போட்டாலே போதும். மேன்பாத் என்ற கட்டளையைத் தட்டினால் எங்கெங்கே தேடுகிறது என்று வரும், ‘மேன் -டபிள்யூ வட்டி’ என்றால் எந்தக் கோப்பு அகப்பட்டது என்று வரும். ‘மேன் ./வட்டி.1’ என்று கோப்பையே காட்டினால் ஒழுங்காகத் திறக்கிறதா? அப்போ கோளாறு உள்ளடக்கத்தில் இல்லை, பெயரிலோ இடத்திலோ அனுமதியிலோ.

அனுமதி என்றதும் இன்னொரு எரிச்சல். ரூட்டின் (நிர்வாகிக் கணக்கு) யூமாஸ்க், அதாவது புதுக் கோப்பில் எந்த அனுமதியை நீக்குவது என்ற அமைப்பு, 077 ஆக இருக்கும் சர்வரில் சிபி (நகல் கட்டளை) போட்டால் கோப்பு 600 ஆக, உரிமையாளர் மட்டும் படிக்கும்படி, உட்காரும். நிர்வாகிக்குப் பக்கம் தெரியும், மாணவனுக்குத் தெரியாது, ‘என் கணினியில் வருதே’ என்று பஞ்சாயத்து ஆரம்பம். சிபியை விட்டுவிட்டு ‘இன்ஸ்டால் -எம் 644’ போடுங்கள், எல்லோரும் படிக்கலாம். பெரிய எழுத்து டி-யும் சேர்த்தால் இல்லாத அடைவையும் 755 அனுமதியோடு அதுவே உண்டாக்கும்.

இணைப்புகள் தனி ரோதனை. அதே பக்கம் இன்னொரு பெயரிலும் வர, கந்துவட்டி.1-ஐ வட்டி.1-க்கு சிம்லிங்க் (பெயரைச் சுட்டும் இணைப்பு) போட்டு வைப்பார்கள். பிறகு ஒருவர் இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று வட்டி.1-ஐ ஜிசிப்பில் சுருக்குவார். அது வட்டி.1.ஜிஇசட் ஆகிவிடும், லிங்க் அந்தரத்தில் தொங்கும். அதற்குப் பதில் கந்துவட்டி.1-க்குள் ‘.எஸ்ஓ மேன்1/வட்டி.1’ என்று ஒரே வரி எழுதினால் சுருக்கினாலும் சுருக்காவிட்டாலும் மேன்-டிபி என்ற பொதியில் வரும் மேன் தேடிக்கொள்ளும். அடைவுப் பெயரை விடக்கூடாது. பெர்ல் என்ற நிரல்மொழியின் தொகுதிகளின் பக்கங்களில் வேறு, பெயருக்குள்ளேயே இரட்டை முக்காற்புள்ளி. பென் டிரைவ் வழியாகக் கொண்டுபோக நினைத்தால் அதில் இருக்கும் ஃபேட் என்ற கோப்பு முறைமை அந்தப் பெயரையே ஏற்காது. டார் கட்டளையால் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொண்டுபோய் அங்கே பிரியுங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தும் அப்ரோபோஸில் மட்டும் வரவில்லையா? பக்கத்தின் ‘நேம்’ பகுதியில் ‘வட்டி’, இடைவெளி, பின்சாய்கோடும் கோடும், ஒருவரி விளக்கம், இந்த வரிசை குலைந்திருக்கும். லெக்ஸ்க்ராக் கட்டளைக்கு அந்தக் கோப்பைக் கொடுத்தால் படிக்க முடிகிறதா இல்லையா என்று உடனே சொல்லிவிடும். டெபியன் ஸ்லிம் (அளவைக் குறைத்த டெபியன் லினக்ஸ்) கண்டெய்னரில் உட்கார்ந்துகொண்டு பொதிகளின் மேன் பேஜைத் தேடுகிறவர்களுக்கு: பொதிகளை நிறுவும் டிபிகேஜியின் அமைப்பில் ‘பாத்-எக்ஸ்க்ளூட்’ (இந்த இடத்துக் கோப்புகளை விட்டுவிடு) வரி இருக்கிறது, பக்கங்கள் வட்டுக்கே வந்திருக்காது. வரியை எடுத்துவிட்டுப் பொதியை மறுபடி நிறுவுங்கள்.

தமிழில் மேன் பேஜ் எழுதுகிறவர்களே, உங்களுக்கும் உண்டு. வட்டி.டிஏ.1 என்று பெயர் வைத்தால் அது ‘வட்டி.டிஏ’ என்ற வேறொரு கட்டளையின் பக்கம். மொழிக் குறியீடு அடைவில்தான் வரணும்: ஷேர்/மேன்/டிஏ/மேன்1/வட்டி.1. லோகேல் (கணினியின் மொழி அமைப்பு) தமிழில் இருந்தால் மேன் முதலில் அங்கே பார்க்கும், இல்லையென்றால் ஆங்கிலப் பக்கத்துக்குப் போகும்.