விலையில் உங்கள் கூலி எங்கே?

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பெண்களுக்குத் தொழில் முயற்சிப் பயிற்சி என்று எங்கே வைத்தாலும், முதல் நாளே முகநூல் பக்கம் எப்படித் திறப்பது, படம் எப்படி எடுப்பது, லோகோ எப்படிப் போடுவது என்றுதான் தொடங்குகிறார்கள். அதெல்லாம் தேவைதான். ஆனால் வரிசை பிழை. ஒரு பக்கெட் விற்றால் தன் கையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று தெரியாத பெண்ணுக்கு நூறு பக்கெட் விற்கிற வழியைச் சொல்லிக்கொடுத்தால், அவளுக்கு முதுகுவலிதான் கூடும்.

நான் கணக்கு வேலை பார்க்கிறவள். ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்முனைப் பக்கம் வீட்டிலிருந்து தொழில் செய்கிற பெண்களின் கொப்பிகளை விரித்துப் பார்ப்பது எனக்குப் பழகிய வேலை. கறித்தூள் செய்கிறவர்கள், கேக் அடிக்கிறவர்கள், சட்டை தைக்கிறவர்கள், பன் புல்லில் பாய் இழைக்கிறவர்கள், மருதமுனையில் நெசவுக்கு நூல் சுற்றிக்கொடுக்கிறவர்கள் என்று எல்லாரும் இருக்கிறார்கள். எல்லாக் கொப்பியிலும் சாமான் செலவு இருக்கும். மில்லுக்குக் கொடுத்தது இருக்கும். ஓட்டோக் காசுகூட இருக்கும். செய்தவளின் கூலி மட்டும் இருக்காது. கேட்டால், "எங்கட கைதானே, அதுக்கென்னகா காசு?" என்பார்கள்.

கறித்தூள் செய்கிற ஒரு அக்காவின் கணக்கை இங்கே எழுதுகிறேன். அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். சில்லறையை மட்டும் விட்டுவிட்டு முழு எண்களாக வைத்திருக்கிறேன்.

ஒரு தடவைக்குச் செத்தல் மிளகாய் 3 கிலோ, மல்லி 3 கிலோ, சீரகம், மிளகு, மஞ்சள், கறிவேப்பிலை எல்லாம் சேர்த்து 6,500 ரூபா. மில்லில் அரைக்க 500. கடைக்கும் மில்லுக்கும் போய்வர ஓட்டோ 400. பையும் லேபலும் 600. வறுக்க காஸ் 400. மொத்தம் 8,400. காம்பு போய், வெயிலில் காய்ந்து, வறுபட்டு, மில்லில் ஒட்டியதும் போக 6 கிலோ தூள் வரும். 100 கிராம் வீதம் 60 பக்கெட். ஒன்றின் அடக்கம் 140 ரூபா. அவர் விற்பது 170க்கு. பக்கெட்டுக்கு 30, மொத்தம் 1,800 ரூபா லாபம் என்று சிவப்புப் பேனையால் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டிருந்தார்.

அந்தக் கோட்டுக்குக் கீழே நேரத்தை எழுதச் சொன்னேன். காம்பு கிள்ள 2 மணித்தியாலம். முற்றத்தில் பாயில் காயப்போட்டு, கிளறி, மழை இருட்டினால் ஓடிப்போய் அள்ளி, மறுபடி விரித்தது எல்லாம் சேர்த்து 3. வறுக்க 3. மில்லில் வரிசையில் நின்றது 2. நிறுத்து, அடைத்து, ஒட்ட 4. ஆக 14 மணித்தியாலம். 1,800ஐ 14ஆல் பிரித்தால் மணிக்கு 128 ரூபா சொச்சம். எட்டு மணித்தியால வேலைக்கு ஏறக்குறைய 1,030.

இலங்கையில் 2025 ஏப்ரலில் இருந்து சட்டப்படியான ஆகக்குறைந்த நாட்கூலி 1,080 ரூபா. 2026 ஜனவரியில் இருந்து 1,200. அந்த அக்கா வேறொரு பெண்ணை உதவிக்கு எடுத்திருந்தால் அவளுக்கு 1,030 கொடுக்க அவருக்கே மனம் வராது. தனக்கு மட்டும் அதைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தார். அதுவும் 60 பக்கெட்டும் விற்று, காசும் கைக்கு வந்தால்தான். சொந்தக்காரர் கேட்டு வாங்கிப்போனது, பை கிழிந்தது, கடையில் பழசாகிப்போனது எதுவும் இந்தக் கணக்கில் இல்லை.

கடை என்றதும் இன்னொன்று. 15 வீதம் கொமிஷனுக்குக் கடையில் போட்டால் 170 ரூபாப் பக்கெட்டுக்கு அவர் கைக்கு வருவது 144 ரூபா 50 சதம். அடக்கம் 140. நாலரை ரூபாவுக்காகத்தான் அவர் கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறார். இதைச் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை. கல்குலேட்டரை என் கையிலிருந்து வாங்கித் தானே இன்னொருமுறை போட்டுப் பார்த்தார்.

விலையை 210 ஆக்கினால் பக்கெட்டுக்கு 70, மொத்தம் 4,200, மணிக்கு 300 ரூபா. "ஏத்தினா ஆர் வாங்குவா?" என்றார். நியாயமான பயம்தான். பெரிய கொம்பனியின் பக்கெட் பக்கத்துக் கடையில் இதைவிட மலிவாகத் தொங்குகிறது. ஆனால் ஒன்றை யோசியுங்கள். கொள்கலன் கணக்கில் மிளகாய் இறக்குகிற கொம்பனியோடு முற்றத்தில் காயப்போடுகிற நாம் மலிவு விலையில் போட்டி போடவே முடியாது. அந்தப் போட்டியில் நம்மிடம் குறைப்பதற்கு இருக்கிற ஒரே சாமான் நம் கூலி. அதனால்தான் அது முதலில் காணாமல் போகிறது.

சரி, 210க்கு யார் வாங்குவார்கள்? வேலைக்குப் போகிற பெண்கள் வாங்குவார்கள். ஆசிரியைகள், தாதிமார், வங்கியில் வேலை செய்கிறவர்கள். வீட்டுத் தூளின் ருசி வேண்டும், வறுத்து இடிக்க நேரம் இல்லை என்பவர்கள். ஆடி மாதம் மாமாங்கத் தீர்த்தத்துக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் லண்டன், கனடா, சுவிஸ் என்று வெளிநாட்டிலிருந்து வந்து, திரும்பும்போது பெட்டியில் தூளும் கருவாடும் கட்டுகிறவர்கள் வாங்குவார்கள். இவர்களுக்கு 100 கிராம் பக்கெட் தேவையே இல்லை. அரைக்கிலோ, ஒரு கிலோவாக அடையுங்கள். அடைக்கிற நாலு மணித்தியாலம் ஒன்றாகக் குறையும், பைச் செலவும் குறையும். கூரியரிலும் அனுப்பலாம். ஒற்றைப் பக்கெட்டைக் கூரியரில் போட்டால் அனுப்புகிற காசு பக்கெட்டின் விலையைத் தாண்டிவிடும். இவ்வளவும் தெரிந்த பிறகுதான் யாருக்கு விளம்பரம் செய்வது என்ற கேள்விக்கே அர்த்தம் வருகிறது. காசு கொடுத்து போஸ்ட்டை பூஸ்ட் பண்ணி, கொழும்பிலிருந்து ஒரே ஒரு பக்கெட்டுக்கு ஓடர் எடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி விளம்பரம். எங்கள் ஊர்ப் பெண்களின் பக்கங்களில் எனக்குப் பிடிக்காத ஒரு வரி இருக்கிறது: "விலைக்கு இன்பொக்ஸ் வாங்க." பக்கத்துத் தெருவில் இதே சாமான் செய்கிறவளுக்கு விலை தெரிந்துவிடும் என்ற பயத்தில் எழுதுவது. அவளுக்கு எப்படியும் தெரியும், ஒரு மச்சாளை விட்டுக் கேட்டால் போதும். தெரியாமல் போவது வாங்க வந்தவருக்குத்தான். கேட்டுவிட்டு வாங்காமல் போனால் மரியாதையில்லையே என்று கூச்சப்பட்டுக் கேட்காமலே போகிறவர்கள் எங்கள் ஊரில் ஏராளம். விலையை, நிறையை, எந்த ஊர்வரை கொண்டுவந்து தருவீர்கள் என்பதைப் படத்தோடு எழுதுங்கள். படத்துக்குப் பெரிய கமரா வேண்டாம். காலையில் வாசல் திண்ணையில், பின்னால் உடுப்புக்கொடி தெரியாமல் எடுத்தால் போதும்.

முகம் காட்டி வீடியோ போட்டால்தான் ஆட்கள் நம்புவார்கள் என்று சிலர் பயிற்சியில் அடித்துச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. போன் நம்பரைப் பகிரங்கமாகப் போட்ட பெண்ணுக்கு இரவு பதினொரு மணிக்கு யார் யாரோ "ஹாய்" போடுவது இங்கே எல்லாருக்கும் தெரிந்த கதை. அதைப் பார்த்துவிட்டு வீட்டில் தொழிலையே நிறுத்தச் சொன்ன இடங்களும் இருக்கின்றன. தொந்தரவு செய்தவனுக்கு ஒன்றும் ஆகாது, தொழில் போவது இவளுக்கு. ஆகவே தொழிலுக்குத் தனி சிம் எடுங்கள். அதில் வாட்ஸ்அப் பிஸ்னஸ் போடுங்கள். அது இலவசம். சாமான்களை விலையோடு கட்டலொக்காக அடுக்கலாம். மாலை ஆறு மணிக்குப் பிறகு "நாளை காலை பதில் தருகிறேன்" என்று அதுவே சொல்கிற மாதிரி வைக்கலாம். யார் பழைய வாடிக்கையாளர், யார் காசு தரவேண்டும் என்று லேபல் போட்டுப் பிரிக்கலாம். முகத்துக்குப் பதில் கையைக் காட்டுங்கள், வறுக்கிற சட்டியைக் காட்டுங்கள். காத்தான்குடியில் எனக்குத் தெரிந்த ஒரு ராத்தா ஒருநாளும் முகம் காட்டியதில்லை. நோன்பு காலத்தில் அவரிடம் சமோசாவுக்கு முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும்.

புது ஆளைத் தேடுவதற்கு முன் பழைய ஆளுக்கு ஒரு செய்தி போடுங்கள். "அக்கா, போன மாதம் வாங்கின தூள் முடிஞ்சிருக்கும், இந்தக் கிழமை அரைக்கிறேன், எடுத்துவைக்கவா?" இந்த ஒரு வரிக்கு வருகிற ஓடர் பூஸ்டுக்கு வராது. செலவும் இல்லை.

காலத்தையும் பார்க்கவேண்டும். கார்த்திகை, மார்கழியில் எங்கள் பக்கம் மழை ஊற்றும், ஒன்றும் காயாது. அந்த ஓடர்களுக்கான மிளகாயைப் புரட்டாசிக்குள் காயவைத்து எடுத்துவிட வேண்டும். பாய், பை, கூடை இழைக்கிறவர்களுக்கு அறுகம்பையிலும் பாசிக்குடாவிலும் வெளிநாட்டுக்காரர் வருகிற சித்திரை தொடக்கம் புரட்டாசி வரைக்கும்தான் சீசன். ஊர்ச் சந்தை விலைக்கு அங்கே கொடுக்காதீர்கள்.

உறவுக்காரர் விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்வேன். கல்யாண வீட்டுக்கு ஆறு சட்டை தைக்கச் சொல்லிவிட்டு, "நம்ம புள்ளதானே" என்று காசுப் பேச்சை எடுக்காமல் போவார்கள். அதே வீட்டில் சமையல்காரருக்கும் வீடியோக்காரருக்கும் முற்பணம் கொடுத்திருப்பார்கள். கேக்கோ சட்டையோ, பாதிக் காசு முதலில் வந்தால்தான் வேலை தொடங்கும் என்று எல்லாருக்கும் ஒரே சட்டமாக வையுங்கள். மாமிக்கு ஒன்றைச் சும்மா கொடுக்க விரும்பினால் கொடுங்கள், ஆனால் அதன் அடக்கத்தைக் கொப்பியில் அன்பளிப்பு என்று எழுதுங்கள். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் நீங்களே முடிவெடுப்பீர்கள்.

பதிவுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியலாம், கிராம சேவகரின் உறுதிப்படுத்தல் வேண்டும். அந்தப் பெயரில் வங்கிக் கணக்குத் திறந்து, வீட்டுக் காசையும் தொழில் காசையும் பிரியுங்கள். சாப்பாட்டுச் சாமான் என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் நீங்களாகப் போய்க் கேளுங்கள், அவர் தேடி வரும்வரை இருக்காதீர்கள். லேபலில் சேர்மானம், நிறை, செய்த திகதி, முடியும் திகதி, தொகுதி இலக்கம், விலை, முகவரி இருக்கட்டும். பெயர் சிங்களத்திலும் இருக்கட்டும். அம்பாறை டவுன் கடைகளில் தமிழில் மட்டும் எழுதிய பக்கெட்டை எடுத்துப் பார்க்கிறவர்கள் குறைவு.

தையல், பேக்கரி, அழகுக்கலை செய்கிறவர்கள் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழைப் பற்றி விசாரியுங்கள். என்.வி.கியூ. என்றால் எல்லாருக்கும் தெரியும். வகுப்பில் இருந்து படிக்காமலே, செய்து பழகிய வேலையை மதிப்பிட்டுச் சான்றிதழ் தருகிற முறை அதில் இருக்கிறது. இருபது வருடம் தைத்தவள் புதிதாகப் பழகுகிறவளோடு போய் உட்காரத் தேவையில்லை. மதிப்பீட்டுக்குப் போகும்போது செய்த வேலைகளின் படங்களும் ஓடர்க் கொப்பியும் உங்களுக்காகப் பேசும். நாளைக்கு வேலைக்கு விண்ணப்பிக்கவும், பயிற்சி கொடுக்கப் போகவும், வெளிநாட்டுக்குப் போகவும் அந்தக் காகிதம் தேவைப்படும்.

கடன். இதை எழுதாமல் விட எனக்கு மனமில்லை. வாசலுக்கு வந்து குழுவாகச் சேர்த்துக் கொடுக்கிற கடன் எங்கள் பெண்களை என்ன பாடு படுத்தியது என்று நாம் பார்த்தோம். 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்துக் கட்டமுடியாமல் போன, ஒரு லட்சத்துக்குக் குறைந்த நுண்கடன்களை அரசே ஏற்கவேண்டிய நிலை வந்தது. எங்கள் இரண்டு மாவட்டமும் அந்தப் பட்டியலில் இருந்தன. இன்னும் ஆட்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். 50,000 எடுத்தால் வருடத்துக்கு 24 வீதம் என்பார்கள். கிழமைக்கு 1,192 வீதம் 52 கிழமையில் 62,000 கட்டுவீர்கள். ஆனால் பாதி வருடத்திலேயே எடுத்த கடனில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள், வட்டியோ கடைசிவரை முழு 50,000க்கும் போகிறது. உண்மையில் நீங்கள் கட்டுவது 40 வீதத்துக்கு மேல். மணிக்கு 128 ரூபா உழைக்கிற தொழில் இதைத் தாங்காது. குறைகிற மீதிக்கு வட்டியா, முழுத் தொகைக்கு வட்டியா என்று கேட்டு, எழுத்தில் வாங்காமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

எங்கள் பகுதியில் தமிழரானாலும் முஸ்லிம்களானாலும் வீடு பெரும்பாலும் பெண்ணுக்குத்தான் எழுதப்படும், மாப்பிள்ளைதான் வந்து குடியிருப்பார். எங்கள் தாய்மார் விட்டுப்போன பெரிய பலம் அது. வாடகை இல்லாமல் தொழில் தொடங்கலாம். அந்த உறுதிப்பத்திரத்தைத் தொழிலுக்கென்று ஈடு வைக்கச் சொல்லி யார் கேட்டாலும், கணவரே கேட்டாலும், கொப்பியில் ஒரு வருடக் கணக்கு இல்லாமல் கொடுக்காதீர்கள்.

அந்தக் கறித்தூள் அக்கா இப்போது 210க்கு விற்கிறார். பழைய வாடிக்கையாளர்களில் சிலர் நின்றுவிட்டார்கள். கடைகளுக்குப் போடுவதை அவரே நிறுத்திவிட்டார். விற்கிற பக்கெட் குறைந்திருக்கிறது, கையில் நிற்கிற காசு கூடியிருக்கிறது. மிளகாய் விலை மாறும்போதெல்லாம் கொப்பியை எடுத்து மறுபடி கூட்டுகிறார்.

பயிற்சி நடத்துகிற நிறுவனங்களிடமும் பிரதேச செயலக உத்தியோகத்தர்களிடமும் நான் கேட்பது இதுதான். அடுத்த பயிற்சியில் முதல் அரை நாளை அடக்க விலைக் கணக்குக்கு ஒதுக்குங்கள். வருகிறவர்களைத் தங்கள் கொப்பியோடும் பற்றுச்சீட்டுகளோடும் வரச் சொல்லுங்கள். ஒவ்வொருத்தியும் தன் சாமானுக்குத் தானே கூட்டிப் பார்த்த பிறகு முகநூலுக்குப் போங்கள். அதற்கு ஆள் தேவையென்றால் எனக்குச் சொல்லுங்கள், மட்டக்களப்போ கல்முனையோ திருக்கோவிலோ, சனிக்கிழமைகளில் என்னால் வரமுடியும்.